டிரவுட்டின் கல்லீரலும் கடலைப் பிண்ணாக்கும்

1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பண்ணையில் வளர்த்து வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட ரெயின்போ டிரவுட் மீன்களை அறுத்துச் சோதித்தவர்கள் அவற்றின் கல்லீரலில் கட்டிகளைக் கண்டனர். தொடர்ந்து தேடியபோது, நாட்டின் பல பகுதிகளிலிருந்த மீன் பொரிப்பகங்களிலும் அதே கட்டிகள் தென்பட்டன. அவை புற்றுக்கட்டிகள். வயது முதிர்ந்த மீன்களில் அவை மிகுதி. பழைய முறைப்படி மாட்டு ஈரல், மண்ணீரல் முதலிய ஈர உணவைத் தின்று வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் நலமாயிருந்தன. உலர் தீவனத்தைத் தின்றவையே நோயுற்றன. ஐயம் தீவனத்தின் மேல் விழுந்தது.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் மாண்டன. காரணம் புலப்படாமையால் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டனர். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இந்த வான்கோழிகளிடமிருந்தே தொடங்குவர், பாடநூல்களும் அவ்வாறே. அவ்வரலாற்றில் டிரவுட் மீனுக்கு ஓர் அடிக்குறிப்பின் இடமே கிடைத்திருக்கிறது. ஆயினும், தாவரப் பொருள்களாலான மீன் தீவனத்தையும் அதை உண்டு வளர்ந்த மீனையும் இயற்கை நச்சுகளுக்காகச் சோதிக்கும் வழக்கம் எதற்காகத் தோன்றியது என்று கேட்பவர் அந்த அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். சோதனை தோன்றியபோது கேட்கப்பட்ட கேள்வி, ‘இத்தீவனம் மீனுக்கு என்ன செய்கிறது?’ என்பது. இன்று அதே சோதனை பெரும்பாலும் விடை தேடும் கேள்வி, ‘இம்மீன் உண்பவருக்கு என்ன செய்யும்?’ என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல.

டிரவுட் பண்ணைகள் உலர் தீவனத்துக்கு மாறியது 1950களில். இறைச்சிக் கழிவு விலையேறியதும், அதைக் குளிரில் வைத்துக் காப்பது செலவு மிகுந்ததும் அம்மாற்றத்துக்குக் காரணங்கள். மீன்தூளோடு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு முதலியவற்றைச் சேர்த்து அழுத்திச் செய்த குச்சித் தீவனம் மலிவாகவும் கையாள எளிதாகவும் இருந்தது. ஊன் உண்ணும் மீன் ஒன்று தன் வாழ்நாள் முழுதும் நிலத்து விளைபொருளைத் தின்ன நேர்ந்தது அப்போதுதான். நிலத்துப் பயிரோடு நிலத்துப் பூஞ்சையும் நீருக்குள் இறங்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நோய் தெரிந்த பிறகும் ஆய்வாளர்களின் ஐயம் முதலில் சென்றது பூஞ்சையின் பக்கம் அன்று. வாஷிங்டன் மாநிலத்தின் குக் என்னும் சிற்றூரில் இருந்த மேற்கு மீன் ஊட்டவியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்வரும் அவருடைய தோழர்களும், ஏற்கெனவே புற்று உண்டாக்குவன என்று அறியப்பட்டிருந்த வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தீவனத்தில் கலந்து மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அக்காலத்துக்கு அது இயல்பான நடவடிக்கையே. பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய அச்சம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மனிதன் செய்த பொருளே நஞ்சு, இயற்கை தருவது உணவு என்னும் எண்ணம் அறிவியலாளரிடமும் ஓரளவு இருந்தது. இன்றைய விளம்பரங்களில் அது இன்னும் வாழ்கிறது.

விடைக்கு வழிகாட்டியது இங்கிலாந்து. மாண்ட வான்கோழிகளின் தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. வேபிரிட்ஜ் நடுவண் கால்நடை ஆய்வுக்கூடத்தில் ருத் ஆல்கிராஃப்ட், கார்னகன் ஆகியோரும், லண்டனின் வெப்பமண்டல விளைபொருள் நிறுவனத்தில் சார்ஜண்ட் முதலியோரும் அப்பிண்ணாக்கை ஆராய்ந்தனர். 1961 ஆம் ஆண்டிலேயே ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை நச்சின் மூலம் என்று தெரிந்தது. அப்பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்ளாடாக்சின் என்னும் சொல் செய்யப்பட்டது. அதே ஆண்டில், அப்பிண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரல் புற்று உண்டானதை லங்காஸ்டரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். அமெரிக்க மீன் ஆய்வாளர்கள் அச்செய்தியைத் தம் சிக்கலோடு பொருத்திப் பார்த்தனர். வுல்ஃபும் ஜாக்சனும் 1963 இல் வெளியிட்ட ஆய்வு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைச் சுட்டியது. 1968 இல் ஜாக்சன், வுல்ஃப், சின்ஹூபர் மூவரும் டிரவுட்டின் புற்றுக்கும் பருத்திக்கொட்டையிலிருந்த அஃப்ளாடாக்சினுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினர்.

இந்தக் காலத்தின் சோதனை முறை இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கக்கூடும். நச்சை அளக்கக் கருவி இல்லை. ஐயத்துக்குரிய பிண்ணாக்கின் சாற்றை, பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சுக்குப் புகட்டுவர். சில நாள்களில் அதன் கல்லீரலை வெட்டிப் பித்தநாளச் செல்கள் பெருகியுள்ளனவா என்று பார்ப்பர். வாத்துக்குஞ்சே கருவி. பின்னர், சாற்றைத் தாளிலும் மெல்லிய படலத்திலும் ஏறவிட்டுப் பிரித்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது நச்சு தானே ஒளிர்ந்தது. நீலமாக ஒளிர்ந்தவை பி என்றும், பச்சையாக ஒளிர்ந்தவை ஜி என்றும் ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்தால் குறிக்கப்பட்டன. அஃப்ளாடாக்சின் பி1 என்று இன்று எழுதப்படும் பெயரில் அந்த விளக்கின் நீலம் இருக்கிறது. 1963 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பூஹி குழுவினர் அதன் மூலக்கூற்றமைப்பைத் தெளிவாக்கினர். அதன் பின்னரே நச்சை எண்ணால் பேச முடிந்தது.

ஆனால் எந்த எண் ஆபத்தானது என்று சொன்னது கருவி அன்று, மீன். ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் சின்ஹூபர் நடத்திய தொடர் ஆய்வுகள், ரெயின்போ டிரவுட்டைப் போல அஃப்ளாடாக்சினுக்கு இவ்வளவு எளிதில் இரையாகும் உயிர்கள் மிகச் சில என்று காட்டின. ஒரு கிலோ தீவனத்தில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவு நீண்ட காலம் உட்சென்றாலே சில மீன்களில் கட்டி தோன்றியது. கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது, ஆயிரம் டன் தீவனத்தில் ஒரு கிராம். அதைவிடத் திடுக்கிட வைப்பது முட்டைச் சோதனை: வளரும் கருவைக் கொண்ட டிரவுட் முட்டைகளை நச்சுக் கரைசலில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து எடுத்துவிட்டாலும், பின்னாளில் தூய தீவனத்தில் வளர்ந்த அம்மீன்களுக்குக் கல்லீரல் புற்று வந்தது. பருத்திக்கொட்டைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. அதன் எண்ணெயிலுள்ள சைக்ளோபுரோபீன் வகைக் கொழுப்பமிலங்கள் நச்சின் புற்று விளைவை மேலும் பெருக்கின. ஆகவே, கடலையில் உள்ள அதே அளவு நச்சு பருத்திக்கொட்டையில் இருந்தால் விளைவும் அதே என்று கொள்ள இயலாது. தீவனச் சோதனை ஒரே ஒரு பொருளின் அளவை மட்டும் கேட்பதில் உள்ள குறையை 1960களின் அம்மீன்களே காட்டிவிட்டன.

எல்லா மீனும் டிரவுட் அன்று. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் குளக் கெளுத்தியைக் கொல்ல, டிரவுட்டைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு நச்சு வேண்டும். டிரவுட்டின் உறவினமான கோஹோ சால்மனும் அதை எளிதில் தாங்குகிறது. காரணம் கல்லீரலின் வேதியியல். அஃப்ளாடாக்சின் நேரடியாக மரபணுவைத் தாக்குவதில்லை. கல்லீரலின் நொதிகள் அதை எபாக்சைடு என்னும் கூரிய வடிவமாக மாற்றுகின்றன, அவ்வடிவமே மரபணுவில் சென்று ஒட்டுகிறது. டிரவுட்டின் கல்லீரல் அம்மாற்றத்தை விரைவாகச் செய்யும். உண்டான எபாக்சைடைப் பிணைத்து வெளியேற்றும் ஆற்றலோ அதற்கு மிகக் குறைவு. உடலுக்குத் தொண்டு செய்யும் உறுப்பே பகையைக் கூர்தீட்டித் தருகிறது.

நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டதும் இதே ரெயின்போ டிரவுட்தான். ஆனால் இந்தியாவின் மீன் கதை ஓடையில் நடப்பதன்று, குளத்தில் நடப்பது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் பெருங்கெண்டைகளைப் பிட்யூட்டரிச் சாறு செலுத்தி முட்டையிடச் செய்தனர். அதுவரை மழைக்கால வெள்ளத்தில் ஆற்றிலிருந்து அள்ளிவந்த குஞ்சுகளை நம்பியிருந்த குளங்களுக்கு அதன் பின் வேண்டியபோது குஞ்சு கிடைத்தது. கட்லா, ரோகு, மிரிகால் ஆகியவற்றோடு வெளிநாட்டுக் கெண்டைகளையும் ஒரே குளத்தில் வளர்க்கும் கூட்டு மீன்வளர்ப்புத் திட்டம் 1970களில் நாடெங்கும் பரவியது. அத்திட்டம் பரிந்துரைத்த தீவனம் மிக எளியது: பிண்ணாக்கு ஒரு பங்கு, அரிசித் தவிடு ஒரு பங்கு. தெற்கிலும் மேற்கிலும் கடலைப் பிண்ணாக்கு. வங்கத்திலும் அசாமிலும் கடுகுப் பிண்ணாக்கு. ஊறவைத்துப் பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்துக் குளத்தில் இறக்குவர். ஐரோப்பியச் சால்மன் பண்ணைகள் 1990 அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கடல்சார் பொருளாலான தீவனத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. மீன்தூள் அரிதாகி விலையேறிய பின், 2013 அளவில் நார்வேயின் சால்மன் தீவனத்தில் கடல்சார் பொருள் பத்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. ‘தாவரத் தீவனத்துக்கு மாறுதல்’ என்று உலக மீன்வளர்ப்பு இன்று பேசும் இந்த மாற்றம், இந்தியக் குளங்களுக்கு மாற்றமே அன்று. அவை தொடக்கத்திலிருந்தே தாவரத்தைத் தின்றவை.

ஆகவே அஃப்ளாடாக்சினின் வரலாறு இந்தியாவில் குளக்கரையில் தொடங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அவ்வாறு நிகழவில்லை. அது மூன்று வேறு இடங்களில் தொடங்கியது: குழந்தை உணவுத் தொழிற்சாலையில், துறைமுகத்தில், பழங்குடியினரின் சோளக் குதிரில்.

முதலாவது, மைசூரின் நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருந்த பல்நோக்கு உணவோடு தொடர்புடையது. கொழுப்பு நீக்கிய கடலை மாவு முக்கால் பங்கு, பொட்டுக்கடலை மாவு கால் பங்கு. புரதக் குறைவால் வாடிய குழந்தைகளுக்கு மலிவான மருந்தாக அது கருதப்பட்டது. வான்கோழிகளின் சாவு அந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தது. ஹைதராபாத்தில், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்ற ஆய்வுக்கூடத்தில், துல்புலே, மாதவன், கோபாலன் ஆகியோர் இளங்குரங்குகளுக்கு அஃப்ளாடாக்சின் கொடுத்துக் கல்லீரல் கேட்டை விவரித்து 1964 இல் லான்செட் இதழில் எழுதினர். 1966 இல் ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு, கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்னும் வரம்பை முன்வைத்தது. அந்த எண்ணை எந்த ஆய்வுக்கூடமும் ‘இதற்குக் கீழே தீங்கில்லை’ என்று மெய்ப்பித்துத் தரவில்லை. பசியால் வரும் கேடு ஒரு தட்டில், நச்சால் வரும் கேடு மறு தட்டில் என நிறுத்துக் கண்ட இடைநிலை அது. இந்திய உணவுச் சட்டத்திலும் அந்த 30 நெடுங்காலம் நின்றது. பிற்காலத்திலேயே 15 ஆக இறங்கியது.

இரண்டாவது இடம் துறைமுகம். எண்ணெய் பிழிந்து கரைப்பானால் எஞ்சியதையும் எடுத்த கடலைப் பிண்ணாக்கை ஐரோப்பியக் கால்நடைத் தீவனத் தொழிலுக்கு அனுப்பிய நாடுகளுள் இந்தியா முக்கியமானது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1973 டிசம்பரில் பிறப்பித்த ஆணை தீவனங்களில் அஃப்ளாடாக்சினுக்கு வரம்பு விதித்தது. அந்த வரம்பைத் தூண்டியது பாலைப் பற்றிய கவலை. நச்சுப் பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பால் வாத்துக்குஞ்சுகளுக்கு நச்சாவதை ஆல்கிராஃப்டும் கார்னகனும் 1960களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். பசுவின் உடல் பி1 ஐ எம்1 என்னும் வடிவாக்கிப் பாலில் விடுகிறது. 1981 இல் பிரிட்டன் கறவை மாட்டுத் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கைச் சேர்ப்பதையே தடை செய்தது. இந்தியாவில் பிண்ணாக்கைச் சோதிக்கும் ஆய்வகங்களும், அம்மோனியா கொண்டு நச்சைச் சிதைக்கும் முயற்சிகளும் இந்த நெருக்கடியில் பெருகின. வாங்குபவர் மறுத்த சரக்கு எங்கே சென்றது என்ற கேள்வி அப்போது உரக்கக் கேட்கப்படவில்லை. பிண்ணாக்கு எரிக்கப்படும் பொருளன்று. நாட்டுக்குள் மாடும் கோழியும் மீனும் இருந்தன.

மூன்றாவது இடத்தில் சோதனைக்குக் காலமே இருக்கவில்லை. 1974 இன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், அறுவடைக் காலத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் மக்காச்சோளக் கதிர்கள் நனைந்தன. காய்ந்த தானியம் வேறு இல்லாத பழங்குடிக் குடும்பங்கள் பூஞ்சை படிந்த அச்சோளத்தையே உண்டன. மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக வந்த நோயில் 397 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 106 பேர் இறந்ததாகவும் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட், நாகராஜன், திலக் ஆகிய ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1975 இல் பதிவு செய்தனர். வீட்டு உணவின் மிச்சத்தைத் தின்ற நாய்களும் அதே குறிகளோடு செத்தன. அந்தச் சோளத்தில் இருந்த நச்சு கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில் சொல்லத் தேவையற்ற அளவு. மில்லிகிராம் கணக்கிலேயே சொல்ல முடிந்தது.

இந்த மூன்றிலும் குளத்து மீன் இல்லை. காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே. ரோகுவும் கட்லாவும் டிரவுட்டைப் போலக் கட்டி வளர்த்துக் காட்டுவதில்லை. வான்கோழியைப் போல ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் மடிவதுமில்லை. அவை மெலிகின்றன, நோய் எதிர்ப்பை இழக்கின்றன. சாகுவும் முகர்ஜியும் 2001 இல் வெளியிட்ட ஆய்வுகளில், அஃப்ளாடாக்சின் பி1 செலுத்தப்பட்ட ரோகுவின் இரத்தப் புரதங்கள் குறைந்ததும், பாக்டீரியாவை எதிர்க்கும் ஆற்றல் சரிந்ததும் தெளிவாகக் காட்டப்பட்டன. இதன் பொருளைப் பண்ணையாளரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். குளத்தில் மீனுக்குப் புண் வருகிறது, செதில் உதிர்கிறது, தினம் சில மீன்கள் மிதக்கின்றன. பரிசோதித்தால் ஏரோமோனாஸ் பாக்டீரியா கிடைக்கும். அது எந்தக் குளத்திலும் கிடைப்பதுதான். அவர் மருந்துக் கடைக்குச் செல்கிறார். மழைக்காலம் முழுதும் தகரக் கொட்டகையில் ஈரம் கோத்துக் கிடந்த பிண்ணாக்கு மூட்டை அந்த விசாரணையில் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. நச்சு தடயமின்றிப் போகிறது. செலவு மட்டும் கணக்கில் ஏறுகிறது.

நச்சு அந்த மூட்டைக்கு வரும் வழியும் நீண்டது. மானாவாரி நிலத்தில், காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறும்போதே பூஞ்சை கடலைக்குள் புகுகிறது. அனந்தபூர் போன்ற வறண்ட மாவட்டங்களின் கடலையைப் பற்றிய கவலை இதனாலேயே. அறுவடைக்குப் பின் சரியாகக் காயாமல் குவித்தால் அது பெருகுகிறது. நல்ல பருப்பு சந்தைக்கும், சுருங்கியதும் நிறம் மாறியதும் செக்குக்கும் செல்வது வணிக இயல்பு. ஆனால் நச்சு மிகுந்திருப்பது அந்தச் சுருங்கிய பருப்பில்தான். எண்ணெயை எடுத்த பிறகு நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது. பிரித்தெடுக்கும் ஒவ்வொரு படியும் மனிதன் தின்னும் பகுதியைத் தூய்மையாக்கி, விலங்கு தின்னும் பகுதியைச் செறிவாக்குகிறது.

ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பகுதியிலும் அதைச் சுற்றிய கிருஷ்ணா, கோதாவரிச் சமவெளியிலும் 1980களிலிருந்து விரிந்த கெண்டைப் பண்ணைகள் தீவனத்தைக் கொடுக்கும் முறையையே மாற்றின. எண்ணெய் நீக்கிய தவிட்டோடு கடலைப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்து, துளையிட்ட பைகளில் அடைத்து, குளத்தில் நட்ட மூங்கில்களில் கட்டித் தொங்கவிடுவர். மீன்கள் துளை வழியே உறிஞ்சித் தின்னும். தீவனம் நீரில் கரைந்து வீணாவதைத் தடுத்த இந்த எளிய கண்டுபிடிப்பு எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று. விவசாயிகளின் மூளையில் பிறந்தது. அமெரிக்க டிரவுட்டைக் கவிழ்த்த அதே பருத்திக்கொட்டை இங்கே ரோகுவின் அன்றாட உணவில் ஒரு பகுதி. பருத்தியின் சொந்த நச்சான காசிபாலும் கூடவே வருகிறது. ரோகு டிரவுட்டைவிட உறுதியான மீன் என்பதே இதுவரை காத்தது.

சோதிப்பதென்று முடிவெடுத்தாலும் எதைச் சோதிப்பது என்பது எளிதன்று. அஃப்ளாடாக்சின் மூட்டைக்குள் சர்க்கரையைப் போலப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் தூயவை. எங்கோ ஒன்றில் நச்சு குவிந்திருக்கும். தனித்தனிக் கடலைப் பருப்புகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 1966 இல், ஒரே பருப்பில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிய செறிவைக் கண்டனர். அத்தகைய அரைக் கிராம் பருப்பு ஒன்றே போதும், 25 கிலோ தூய கடலையை 20 மைக்ரோகிராம் என்னும் வரம்புக்குத் தள்ள. ஒரு லாரிச் சரக்கிலிருந்து கையளவு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்தப் பருப்பு கைக்குள் வந்ததா வெளியே நின்றதா என்பதைப் பொறுத்தே சான்றிதழ் அமையும். கருவியின் துல்லியம் ஆண்டுதோறும் வளர்ந்திருக்கிறது. நீர்ம நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் இன்று ஒரே ஓட்டத்தில் பல நச்சுகளை அளக்கின்றன. மாதிரி எடுக்கும் கையின் பிழையோ பெரிதாகக் குறையவில்லை. அரைத்த பிண்ணாக்கில் நச்சு ஓரளவு கலந்துவிடுவதால் நிலை சற்று மேல். கட்டிப் பிண்ணாக்கில் அந்த ஆறுதலும் இல்லை.

சால்மன் வளர்க்கும் நாடுகள் தாவரத்தின் பக்கம் திரும்பியபோது சோதனைக் கேள்வி புதிய வடிவம் கொண்டது. அங்கே கோதுமை, மக்காச்சோளம், சோயா ஆகியவற்றோடு வருபவை ஃபியூசேரியம் பூஞ்சைகளின் நச்சுகள்: டிஆக்சிநிவாலினால், ஃபியூமோனிசின், சீரலெனோன். ஸ்பெயினின் காஸ்டெல்யோன், நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்கள் இணைந்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு, தாவரத் தீவனத்தில் அவற்றுள் சிலவற்றைக் கண்டது. அத்தீவனத்தைத் தின்று வளர்ந்த அட்லாண்டிக் சால்மன், கடல் பிரீம் மீன்களில் அவற்றைக் காணவில்லை. நுகர்வோருக்கு நல்ல செய்தி. பாலில் எம்1 வருவதைப் போல மீன் தசையில் நச்சு வருவதில்லை என்று அதைச் சுருக்கிச் சொல்வர். அஃப்ளாடாக்சின் கொடுக்கப்பட்ட ஐரோப்பியக் கடல் பாஸ் மீனின் தசையில் எச்சம் காணப்பட்டதும் உண்டாகையால், அந்தச் சுருக்கம் எல்லா மீனுக்கும் எல்லா நச்சுக்கும் பொருந்தாது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2011 இல், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஹூஃப்ட் முதலியோர் வேறு கேள்வி கேட்டிருந்தனர். டிஆக்சிநிவாலினால் கிலோவுக்கு 0.3 முதல் 2.6 மில்லிகிராம் வரை இருந்த தீவனங்களை எட்டு வாரம் தின்ற ரெயின்போ டிரவுட், நச்சு ஏற ஏறத் தீவனத்தைக் குறைத்துத் தின்றது, வளர்ச்சி குன்றியது. ஐரோப்பிய ஆணையம் 2006 இல் தீவனங்களுக்குப் பொதுவாகச் சொன்ன வழிகாட்டு வரம்போ 5 மில்லிகிராம். சட்டப்படி ஏற்கத்தக்க தீவனத்தில் மீன் நலிகிறது. அதன் தசையோ சோதனையில் தூயதாக வருகிறது. தசை தூயது என்னும் அறிக்கையை வைத்துக்கொண்டு தீவனமும் நல்லது என்று வாதிடுபவர், 1960 இல் டிரவுட்டின் கல்லீரலை அறுத்துப் பார்த்தவர்களுக்கு முந்தைய காலத்துக்குத் திரும்புகிறார்.

டிரவுட் அதன் பிறகும் ஆய்வுக்கூடங்களை விட்டு அகலவில்லை. ஓரிகானில் ஜார்ஜ் பெய்லி குழுவினர், பச்சையத்திலிருந்து பெறப்படும் குளோரோஃபிலின் என்னும் பொருள் டிரவுட்டை அஃப்ளாடாக்சின் புற்றிலிருந்து காப்பதை 1990களில் கண்டனர். அதைப் பின்பற்றி, கல்லீரல் புற்று மிகுந்த சீனாவின் சிடோங் பகுதியில் 180 பேரிடம் நான்கு மாதம் நடத்திய சோதனையில், மரபணுவில் ஒட்டிய நச்சின் அடையாளம் சிறுநீரில் 55 சதவிகிதம் குறைந்ததாக 2001 இல் அறிவிக்கப்பட்டது. பண்ணைத் தீவனத்தால் கெட்ட மீன், மனிதருக்கான மருந்துச் சிந்தனைக்கு வழிவிட்டது.

இந்தியாவில் தீவன நச்சு அண்மையில் நாடளாவிய செய்தியானது பாலின் வழியாகவே. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368 இல் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88. நீர் கலப்படத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்குப் பிண்ணாக்கின் பூஞ்சை பதிலாக வந்தது. பசு தான் தின்றதைப் பாலில் சொல்லிவிடுகிறது. மீன் பெரும்பாலும் கல்லீரலில் வைத்துக்கொள்கிறது.

ஐரோப்பிய ஆய்வகம் சோதிக்கும் மீன் என்பது தோலும் குடலும் நீக்கிய தசைத் துண்டு. அங்கே உண்ணப்படுவது அதுவே. ஆந்திரக் குளங்களிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறிச் செல்லும் ரோகுவும் கட்லாவும் பெருமளவு சென்று சேர்வது வங்கத்துக்கும் வடகிழக்குக்கும். கொல்கத்தாவின் மீன் சந்தையில் பெரிய கட்லாவை வெட்டுபவர், வயிற்றிலிருந்து வரும் கொழுப்பையும் அதோடு ஒட்டிய உள்ளுறுப்புகளையும் எறிவதில்லை. ‘மாச்செர் தேல்’ என்று தனியாகப் பொதிந்து தருவார். வீட்டில் அதைக் கடலைமாவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து வடையாகப் பொரித்து, சூடான சோற்றோடு முதலில் பரிமாறுவர்.